தொழில்நுட்ப வணிகத் தடைகள் லினக்ஸ் கேமிங்கை வளர்க்குமா?

பொறிமேடை (கேள்வி):

2019 மே மாதத்தில் ஹுவாவே நிறுவனத்தை அமெரிக்க வணிகத் துறை தன் தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு, அதன் புதிய கைப்பேசிகளுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்காமல் போயின. 2022 அக்டோபரில் உயர்திறன் சிப்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஓராண்டு கழித்து அது இறுக்கப்பட்டபோது, கேம் ஆடுபவர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் அட்டையும் சீனாவுக்கு அனுப்பக் கூடாத சரக்காகி, திறன் குறைத்த 4090டி அட்டையை என்விடியா அங்கே விற்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 2022 மார்ச்சில் ரஷ்யாவில் புதிய விற்பனையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

இன்று சிப்புக்கு நேர்ந்தது நாளை விண்டோஸுக்கும் நேரலாம் என்று இந்த நாடுகள் அஞ்சுவதில் வியப்பில்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் மொழிவாரியாகப் பார்த்தால், எளிய சீனம் வழக்கமாக முதல் இரண்டு இடங்களுக்குள் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாறினாலே கேம் நிறுவனங்கள் அதைப் புறக்கணிக்க முடியாது என்பது என் கணக்கு. இந்தக் கணக்கில் எங்கேனும் ஓட்டை இருக்கிறதா?

தென்றல்64:

இருக்கிறது. அலுவலகக் கணினியையும் வீட்டுக் கணினியையும் நீங்கள் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். சீன அரசு அலுவலகங்களிலும் அரசு வங்கிகளிலும் யூஓஎஸ், கைலின் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸின் தனித்தனி வகைகள்) ஏறியிருப்பது உண்மைதான். ரஷ்ய அரசுத் துறைகளில் அஸ்த்ரா லினக்ஸும் ஆல்ட் லினக்ஸும் புகுந்திருப்பதும் உண்மைதான். ஆனால் அவை கொள்முதல் ஆணையால் வந்தவை. அந்தக் கணினிகளில் யாரும் கேம் ஆடப்போவதில்லை. வீட்டில் இருக்கும் விண்டோஸை எவரும் பிடுங்கவில்லை. ரஷ்யாவிலும்கூட நிறுத்தப்பட்டது விற்பனைதானே தவிர, ஏற்கெனவே நிறுவியிருந்த விண்டோஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேம் ஆடுபவருக்கு மாற வேண்டிய நெருக்கடியே ஏற்படவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஒரு ஸ்டுடியோ லினக்ஸ் பதிப்பை உருவாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, எத்தனை பேர் லினக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அவர்களில் எத்தனை பேரிடமிருந்து பணம் வரும் என்பதையும் பார்க்கும். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது, அங்குள்ளவர்கள் ஸ்டீமில் ஒரு கேமை வாங்குவதே சுற்றுவழி வேலையாகிவிட்டது. ஆக, பயனரை லினக்ஸ் பக்கம் தள்ளக்கூடிய அதே தடை, அவரை வாடிக்கையாளர் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுகிறது. விற்க முடியாத சந்தைக்காக எந்த மேலாளரும் சோதனைக் குழுவுக்குச் சம்பளம் ஒதுக்க மாட்டார்.

மரப்பாச்சி:

தென்றல்64 சொல்வதை ஒப்புக்கொண்டாலும், கிராஃபிக்ஸ் அட்டைகளின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை சற்று வேறுவிதமாகத் தெரிகிறது. 2022 இறுதியில் மூர் திரெட்ஸ் என்ற சீன நிறுவனம் எம்டிடி எஸ்80 என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அமெரிக்க அட்டைகளுக்கு மாற்றாக முளைத்த நிறுவனமாயிற்றே, லினக்ஸைத்தான் முதலில் தழுவும் என்று எதிர்பார்ப்போம். அவர்களோ விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராஃபிக்ஸ் இடைமுகம்) கேம்களை ஓட வைப்பதற்காகவே டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார்கள். தங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் அந்த நிறுவனமும் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

ஆயினும் இத்தகைய நிறுவனங்கள் அரசுக் கொள்முதலுக்காக லினக்ஸ் டிரைவரையும் எழுதியாக வேண்டும். அதில் வல்கன் (லினக்ஸிலும் இயங்கும் கிராஃபிக்ஸ் இடைமுகம்) ஒழுங்காக வேலை செய்துவிட்டால் கதையே மாறும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் தரும் புரோட்டானில் ஒரு கேமைத் திறக்கும்போது, அதிலுள்ள வைன் என்ற அடுக்கு விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கிறது. டிஎக்ஸ்விகே என்ற இன்னொரு அடுக்கு டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனாக மாற்றுகிறது. கேம் தொடங்குவதற்கு முன் ஸ்டீம் சில நிமிடங்கள் வல்கன் ஷேடர்களை, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களை, தயார்செய்வதாக ஒரு பட்டையைக் காட்டுகிறதே (பலரும் பொறுமையிழந்து 'தவிர்' என்று அழுத்திவிட்டு, பின்னர் கேம் திக்குகிறது என்று குறை சொல்வார்கள்), அந்த வேலை முழுவதும் வல்கன் டிரைவரை நம்பித்தான் நடக்கிறது. சீனாவின் லூங்சன் போன்ற வேறு கட்டமைப்புச் சிப்பாக இருந்தால், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப்களின்) கட்டளைகளைப் பெயர்க்க பாக்ஸ்64 என்ற அடுக்கும் நடுவில் சேரும். வேகம் குறையும், ஆனால் ஓடும். ஆகவே ஸ்டுடியோக்களின் அனுமதிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தடைகளால் லினக்ஸ் கேமிங்கிற்கு ஏதேனும் நன்மை விளையுமானால், அது இந்த டிரைவர்களின் வழியாக, யாரும் திட்டமிடாத பக்கவிளைவாகவே வரும்.

ஆழி_நிரலர்:

பழைய வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். லினக்ஸ் கேமிங்கைத் தூக்கி நிறுத்தியது எந்த அரசின் தடையும் அன்று. விண்டோஸ் 8 தன்னுடனே ஒரு செயலிக் கடையைக் கொண்டுவந்ததால், ஸ்டீமை நடத்தும் வால்வு நிறுவனத்துக்கு ஏற்பட்ட அச்சம்தான் அதைச் செய்தது. அந்த இயங்குதளத்தைப் பேரழிவு என்றே 2012இல் வால்வின் தலைவர் கேப் நியூவெல் சொன்னார். 2013இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற லினக்ஸ் கேம் கணினி வந்து தோற்றது. 2018 ஆகஸ்டில் புரோட்டான், 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி. இத்தனைக்கும் பிறகு, 2025 அக்டோபர் கணக்கெடுப்பில்தான் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியது. அச்சம் இருந்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கும் பணமும் சொந்தக் கடையும் அந்த அச்சத்தின் பின்னால் இருக்க வேண்டும்.

பொறிமேடை:

மூவருக்கும் நன்றி. அப்படியானால் அந்தப் பணமும் கடையும் ஹுவாவேயிடமும் சீன கேம் நிறுவனமான டென்சென்டிடமும் இருக்கின்றனவே? வால்வு செய்ததை அவர்கள் ஏன் செய்யக் கூடாது?

தென்றல்64:

செய்யலாம், ஆனால் அவர்கள் போகும் திசை வேறு. ஹுவாவே தன் அச்சத்துக்கு விடையாக லினக்ஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2024இல் வந்த ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட், ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான ஆதரவைக் கைவிட்டதுடன், லினக்ஸ் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையக்கரு) விட்டுத் தன் சொந்தக் கெர்னலில் அமர்ந்தது. 2025 மே மாதத்தில் அதே ஹார்மனிஓஎஸ் மடிக்கணினிகளிலும் வந்துவிட்டது. அடுத்தவரின் பிடியிலிருந்து விடுபட விரும்பும் பெரிய நிறுவனம், எல்லோருக்கும் பொதுவான இடத்துக்குப் போவதைவிடத் தனக்கென ஒரு பிடியை உருவாக்கவே விரும்புகிறது.

டென்சென்டின் கதை இன்னும் கசப்பானது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல ஆண்டுகள் வைன் வழியாக லினக்ஸில் ஓடியது. 2024இல் கெர்னல் மட்டத்தில் இயங்கும் வேன்கார்ட் ஏமாற்றுத் தடுப்பானை, அந்தக் கேமை உருவாக்கிய ரயட் நிறுவனம் அதில் சேர்த்தவுடன் அந்த வழி அடைபட்டது. ரயட்டின் உரிமையாளர் யார் என்றால், டென்சென்ட்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி லினக்ஸ் பயனர்களை வெளியேற்றியது. இந்த இரண்டு கதவுகளையும் அடைத்தது எந்த நாட்டின் வணிகத் தடையும் அல்ல. எனவே தடை நீடித்தாலும் நீங்கினாலும் அவை அதனால் திறக்கப்போவதில்லை.

மரப்பாச்சி:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். திறந்த மூலம் தடைகளுக்கு அப்பாற்பட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2024 அக்டோபரில் ரஷ்யத் தொடர்புள்ள பராமரிப்பாளர்கள் சிலரின் பெயர்கள், சட்டக் காரணங்களுக்காக, லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. குறியீட்டை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், ஆனால் திருத்தங்கள் மையக் கிளையில் சேர்வதற்கு மனிதர்களின் ஒப்புதல் வேண்டும். பொறிமேடை இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனிப்பதாக இருந்தால், ஸ்டீம் கணக்கெடுப்பைவிட, லினக்ஸின் திறந்த மூலக் கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தொகுக்கும் மேசா திட்டத்தின் மாற்றப் பதிவுகளைப் பாருங்கள். சீன அட்டை ஒன்றுக்கான வல்கன் டிரைவர் அங்கே திறந்த மூலமாக ஏற்கப்படும் நாளில், உங்கள் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல முதல் உறுதியான காரணம் கிடைத்திருக்கும்.