2.6 சூரிய நிறை: நியூட்ரான் விண்மீனா, கருந்துளையா?

மகரயாழ்:
2019 ஆகஸ்ட் 14 அன்று ஈர்ப்பலை உணர்கருவிகளான லைகோவும் விர்கோவும் பிடித்த ஜிடபிள்யூ190814 என்ற நிகழ்வில், 23 சூரிய நிறைக் கருந்துளையோடு 2.6 நிறையுள்ள ஒன்று இணைந்தது. அது கருந்துளையேதான். நியூட்ரான் விண்மீன் என்றால் அலையில் ஓதவிசையின் (ஒன்றின் ஈர்ப்பு மற்றதை இழுத்து நீட்டுவதன்) தடம் எங்கே? ஒளி எங்கே?

வடமீன்:
இரண்டு காரணமுமே நிற்காது. ஓதவிசை அலையை மாற்றுவது பல நூறு ஹெர்ட்ஸுக்கு மேலேதான். 4400-ஐ மொத்தச் சூரிய நிறையால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் சுற்றிச் சுற்றி நெருங்கும் சுருள்பாதை முடிகிற ஈர்ப்பலை அதிர்வெண், ஹெர்ட்ஸில், தோராயமாகக் கிடைக்கும். 1.4-உம் 1.4-உம் சேர்ந்த நியூட்ரான் விண்மீன் ஜோடிக்கு 1570 ஹெர்ட்ஸ். இந்த ஜோடிக்கு, செம்பெயர்ச்சியையும் (பிரபஞ்சம் விரிவதால் அலை நீள்வதை) சேர்த்தால், 160 சொச்சம்தான். ஓதவிசை தலைகாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒளியும் அப்படியே: இவ்வளவு கனமான, அனேகமாகச் சுழலாத கருந்துளை (சுழற்சி எண், உச்சம் 1 என்ற அளவில், 0.07-க்குக் கீழே) விண்மீனைக் கிழிக்காது, முழுசாக விழுங்கிவிடும். பொருள் வெளியே சிதறினால்தான் ஒளி வரும்.

மகரயாழ்:
அப்படியானால் 2017 ஆகஸ்ட் 17 அன்று பிடிபட்ட நியூட்ரான் விண்மீன் ஜோடியின் இணைவுக்கு வாருங்கள். மொத்தம் 2.7 நிறை, 1.7 விநாடி கழித்துக் காமாக்கதிர், பிறகு கிலோநோவா (சிதறிய பொருளின் ஒளிர்வு). சிதறிய பொருளின் அளவையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால், எஞ்சியது சீக்கிரமே கருந்துளையாகச் சரிந்திருக்க வேண்டும். அதிலிருந்து நியூட்ரான் விண்மீனின் நிறைக்கு வரும் உச்சவரம்பு 2.2, 2.3 அளவுதான். 1.4 நிறைக்கான ஓத நெகிழ்வு எண்ணும் (ஓதவிசைக்கு விண்மீன் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்ற அளவு) 580-ஐத் தாண்டவில்லை. இத்தனை மென்மையான பொருள் 2.6-ஐத் தாங்காது.

வடமீன்:
அந்த எண் 1.4 நிறை விண்மீனின் அடர்த்திக்கு உரியது. 2.6-இன் மையம் அதைவிட மிக அடர்ந்தது. அங்கே பொருள் விறைக்கலாம். வேகமாகச் சுழன்றால் வரம்பு சுமார் 20 விழுக்காடு உயரும், 2.2 என்பது 2.6 ஆகிவிடும். நிறை விகிதம் 1:9 என்பதால் சிறியதன் சுழற்சியை அலையிலிருந்து படிக்கவே முடியாது.

ஓதக்கணக்கு:
படிக்க முடியாதது உண்மை. ஆனால் பிளந்துபோகும் விளிம்பு வேகத்திலேயே இணையும் நாள்வரை அது சுழன்றிருக்க வேண்டுமே. காந்தப்புலம் சுழற்சியைக் குறைத்துவிடும்; அது மிக மிக மெலிந்திருந்தாலொழிய அந்த வேகம் நிற்காது. மகரயாழ் பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் அவர் முதலில் சொன்ன காரணங்களால் அல்ல.

மகரயாழ்:
இதே 2.6 ஒரு 1.4-உடன் இணைந்தால் பாதை 1100 ஹெர்ட்ஸ் வரை போகும். அப்போது அளந்துவிடலாம்.

வடமீன்:
அந்த அதிர்வெண்ணில் உணர்கருவியின் லேசரிலுள்ள ஃபோட்டான் இரைச்சல்தான் ஆளுகிறது. அதோடு இத்தனை கனமான விண்மீனின் நெகிழ்வு எண் மிகச் சிறியது. கருந்துளையின் பூஜ்யத்திலிருந்து அதைப் பிரித்தறிய ஐன்ஸ்டைன் டெலஸ்கோப் போன்ற அடுத்த தலைமுறைக் கருவிகள் வர வேண்டும்.