விடியும்வரை கூட இருந்தால் அது ஆறுதலா?

வானொலிப்பிரியன்:
'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்' (இந்த ராத்திரியைக் கடக்க உதவு) என்ற பழைய அமெரிக்கப் பாட்டை, மனசு உடைந்தவர்களுக்கு மருந்து என்று ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சரியா தப்பா என்று யோசிக்க மாட்டேன், நாளை எப்படியோ போகட்டும், இன்று ராத்திரி பக்கத்தில் இரு, இதுதான் பாட்டு. வலியை ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது எப்படி ஆறுதலாகும்? பாடகி டாட்டி வெஸ்ட் முதலில் இதைப் பாட மறுத்ததில் நியாயம் இருக்கிறது.

கடலோரம்:
அண்ணே, பாட்டு ரொம்ப அந்தரங்கமாக இருக்கிறதே என்றுதான் அவர் தயங்கினார். சாமி ஸ்மித் என்ற பாடகி பாடியதைக் கேளுங்கள். 1971-ல் அமெரிக்காவின் கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) பாட்டுப் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 8-வது இடம். ஒரு பெண் 'இன்றைக்கு என்னால் தனியாக இருக்க முடியாது' என்று அந்தக் காலத்தில் வெளிப்படையாகக் கேட்கிறார், அதுவும் கெஞ்சாமல், அழாமல், கடைசிவரை இருப்பேன் என்று பொய்ச் சத்தியமும் வாங்காமல்.

வானொலிப்பிரியன்:
கரு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் தம்பி. ராத்திரியைக் கடக்க மதுவோ பைபிளோ எது உதவினாலும் சரி என்ற பொருளில் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பேட்டியில் சொன்னதைப் படித்துத்தான் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் இந்தப் பாட்டை எழுதினார். அப்படியானால் பக்கத்தில் படுத்திருப்பவரும் ஒரு மதுப்புட்டிதானா? காலையில் எழுந்து போகும் அவரை யார் தேற்றுவது?

நிலாமுற்றம்:
எனக்கு நிச்சயம் முறிந்தபோது வீடு நிறைய புத்திமதி. எல்லாம் நல்லதுக்குத்தான், இதைவிட நல்ல வரன் வரும், இன்னும் என்னென்னவோ. அத்தை மட்டும் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். இரண்டு பேருமே தூங்கவில்லை, மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடியே விடிந்தது. எதுவும் தீரவில்லைதான். ஆனால் இன்றைக்கும் ஆறுதல் என்றால் எனக்கு அந்தப் பாய்தான் ஞாபகம் வரும். பாட்டிலும் பாடுகிறவர் தேடுவது ஒரு நட்பைத்தான், அந்தச் சொல்லே அதில் இருக்கிறது.

வானொலிப்பிரியன்:
உங்கள் அத்தையைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. ஆனால் அவர் கூப்பிடாமலே வந்தார். பாட்டில் கூப்பிட வேண்டியிருக்கிறதே.

கடலோரம்:
அண்ணே, கிறிஸ்டோஃபர்சன் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு மேடைகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டிய காலத்தில் எழுதிய பாட்டு அது. சுற்றிலும் கடல். அங்கே எந்த அத்தை பாய் விரிப்பார்? வாய்விட்டுக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?