எஸ் மோடு ஏறுவதற்கா, இறங்குவதற்கா? குன்னூர் மலைப்பாதையில் ஒரு சந்தேகம்

குன்னூர்_புதுக்கார்:
வணக்கம். பதினைந்து வருடம் கியர் வண்டி ஓட்டியவன். அம்மாவை முழங்கால் வைத்தியத்துக்கு மாதம் மூன்று, நான்கு தடவை கோவை அழைத்துப் போகவேண்டியிருக்கிறது. அதற்காகப் பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினேன். பெட்ரோல், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது, சி.வி.டி. கியர்பாக்ஸ், அதாவது படிப்படியாக இல்லாமல் சீராகக் கியர் மாறுகிற வகை. லீவரில் வழக்கமாக ஓட்டும் டி-க்குக் கீழே எஸ் (ஸ்போர்ட்), அதற்கும் கீழே எல் (லோ, தாழ்ந்த கியர்).

ஏறும்போது பர்லியார் தாண்டி, வளைவில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துவிடுகிறார். இறங்கும்போது அதைவிட மோசம். கல்லாறு வருவதற்குள் பிரேக் தீய்கிற வாசனை. போன வாரம் அம்மாவே "என்னடா, எங்கேயோ ரப்பர் எரியுது" என்றார்.

எஸ் போடலாமா? வண்டியை விற்றவர் "அது ஹைவேயில் ஓவர்டேக் பண்ணத்தான், மலையில் போட்டால் கியர்பாக்ஸ் போயிடும்" என்றார். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போதே டி-யிலிருந்து எஸ்-க்கு மாற்றலாமா?

சமவெளி_ஓட்டுநர்:
எஸ் போட்டால் பவர் கூடும், ஏறுவதற்கு நல்லது. ஆனால் மைலேஜ் அடிவாங்கும். இறக்கத்தில் அது எதற்கு? நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்.

மலை_டாக்சி:
தம்பி, மேலே சொன்ன நியூட்ரல் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் நியூட்ரலில் இறங்குவது தற்கொலை. மிச்சமும் ஆகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐட்லிங்குக்காகப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்.

பவர் கூடும் என்பதும் சரியில்லை. இன்ஜின் அதேதான். எஸ்-ல் கம்ப்யூட்டர் கியரைச் சீக்கிரம் மேலே ஏற்றாமல் பிடித்து வைக்கும், ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) உயரத்தில் நிற்கும், மிதித்த உடனே இழுக்கும். அவ்வளவுதான். 1850 மீட்டர் உயரத்தில் குன்னூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டிக்கு அந்த நட்டம் உண்டு. எஸ் அதைத் திருப்பித் தராது, இருப்பதைக் கையில் தயாராக வைக்கும். உங்கள் வண்டி வளைவில் யோசிப்பதற்கு அது போதும்.

கோத்தகிரி_டீச்சர்:
பிரேக் வாசனைக்கு ஒரு கணக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1500 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1500 கிலோ உள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 22 மெகாஜூல். 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது! டயரிலும் காற்றிலும் ஒரு பங்கு போனாலும், மிச்சம் முழுவதையும் நீங்கள் நான்கு சக்கரத்தின் பிரேக்கில் கொட்டுகிறீர்கள். அம்மாவின் மூக்கு பொய் சொல்லவில்லை.

மலை_டாக்சி:
டீச்சரம்மா சரியாகச் சொன்னார். என்னைக் கேட்டால் மலையில் எஸ் அதிகம் உதவுவது இறக்கத்தில்தான். ஆர்.பி.எம். உயரத்தில் நிற்பதால், காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியைப் பிடித்து அடக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். மரப்பாலம் பக்கம் செங்குத்தாக இறங்கும் இடத்தில் எஸ் போதாது, எல் போடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, அப்புறம் விட்டுவிடுங்கள்.

ஓடும்போது மாற்றலாம், நிறுத்த வேண்டாம். ஆனால் வளைவுக்குள் போய் மாற்றாதீர்கள், முன்னாலேயே மாற்றுங்கள். மழையில், பாசி பிடித்த ரோட்டில் திடீரென இன்ஜின் பிடித்தால் டயர் வழுக்கும். அதே காரணத்துக்காக மூடுபனியில் ஏறும்போது நான் டி-யிலேயே மெதுவாகப் போவேன்.

மேட்டுப்பாளையம்_மெக்கானிக்:
எஸ்-ஆல் கியர்பாக்ஸ் போகாது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால்தான் போகும். இன்னொன்று: சில வண்டிகளில் லீவரில் எஸ் இருக்காது, ஸ்போர்ட் என்று பட்டன்தான். அது வண்டிக்கு வண்டி மாறும். சிலதில் ஸ்டியரிங்கையும் ஆக்சிலேட்டரையும் மட்டும் கூர்மையாக்கும், இறக்கத்தில் பிடிக்காது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி, இரண்டாம் கியருக்கு வரவேண்டும். டபுள் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) வண்டிக்காரர்கள் சீசன் நெரிசலில் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திப் பிடிக்கிறார்கள், கிளட்ச் சூடேறிவிடும். பிரேக்கில் நிறுத்துங்கள்.

சார், பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

குன்னூர்_புதுக்கார்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு போய்வந்தேன். சீசன் என்பதால் கோத்தகிரி வழியாக இறக்கிவிட்டார்கள், அதனால் மரப்பாலத்தில் சோதிக்க முடியவில்லை. ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. எஸ்-ல் காலை எடுத்தால் வண்டி தானாகவே அடங்குகிறது. செங்குத்தான இரண்டு இடத்தில் எல் போட்டேன், இன்ஜின் கத்தியது, அம்மா பயந்துபோய் "வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார். வாசனை மட்டும் வரவே இல்லை. திரும்பி ஏறும்போது எஸ்-ல் அந்த ஒரு நொடி யோசனையும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் டிகாஷன் நிறம். மாற்றச் சொல்லிவிட்டேன்.