சிலிக்கா ஏரோஜெல்லுக்குப் பாலிமர் பூச்சு: மேலே வெள்ளைத் தோல், உள்ளே சுண்ணக்கட்டி

கேள்வி:
வணக்கம். டெட்ராமீத்தாக்ஸிசிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்திலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள ஏரோஜெல் (ஈர ஜெல்லிலிருந்து திரவத்தை நீக்கியபின் எஞ்சும், நுண்துளைகள் நிறைந்த மிக இலேசான திண்மம்) உருளைகளைத் தயாரித்து வருகிறேன். உலர்ந்த உருளையைப் பாலிமர் கரைசலில் நனைத்துப் பார்த்தபோது கண்ணெதிரே விரிசல் விட்டு நொறுங்கியது. பிறகு, இன்னும் உலர்த்தாத ஈர ஜெல்லை மெத்தனாலில் ஒருமுறை கழுவி, பாலிமர் பூச்சாக மாற வேண்டிய ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட்டை (ஓர் ஐசோசயனேட் சேர்மம்) அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் கரைத்து, அதில் இட்டு, உடனே 70 டிகிரி செல்சியசில் வைத்தேன். ஜெல்லைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. வெளியே நகத்தால் உரிக்கத்தக்க வெள்ளைத் தோல் படிந்தது. குறுக்கே வெட்டினால் நடுப்பகுதி பழையபடியே உதிர்கிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
உலர்ந்த ஏரோஜெல்லைத் திரவத்தில் நனைக்கவே கூடாது. நுண்துளைகளுக்குள் நுழையும் திரவத்தின் பரப்பு இழுவிசையே அந்த மெல்லிய சட்டகத்தை நசுக்கிவிடும். ஈர ஜெல்லில் பூசும் முடிவு சரியானதே. அங்கே உங்களுக்குத் தடையாக நிற்பது எஞ்சிய நீரும் மெத்தனாலும். ஐசோசயனேட் நீருடன் வினைபுரிந்தால் கார்பன் டைஆக்சைடு வெளிப்பட்டுப் பாலியூரியா உருவாகும்: நீங்கள் கண்ட குமிழியும் தோலும் பெரும்பாலும் அவைதாம். மெத்தனாலும் தன் பங்குக்கு ஐசோசயனேட்டைத் தின்றுவிடும். உலர்ந்த அசிட்டோநைட்ரைலில், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரமாக, நான்கு முறையேனும் மாற்றிக் கழுவுங்கள்.

இரண்டாவது பிழை அவசரம். ஐசோசயனேட் மையத்தை எட்டுமுன் சூடாக்கினால் மேற்பரப்பிலேயே வினை முடிந்துபோகும். ஒரு நாள் அறை வெப்பநிலையில் ஊறவிட்டு, பிறகு புதிய அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றிச் சூடாக்குங்கள். துளைகளில் தேங்கும் உபரி பாலிமரும் இதனால் குறையும். சிலிக்காத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் குறுகிய கழுத்துகளில்தான் ஏரோஜெல் உடைகிறது என்பதால், அந்தக் கழுத்துகளைப் பாலிமர் போர்த்தினால் போதும், துளைகளை நிரப்ப வேண்டியதில்லை. வேதியியலாளர் நிகோலஸ் லெவென்டிஸ் குழுவினர் 2002-இல் இம்முறையில்தான் ஏரோஜெல்லின் வலிமையை ஏறத்தாழ 100 மடங்கு உயர்த்திக் காட்டினர். அதற்குக் கொடுத்த விலை, சுமார் மூன்று மடங்கு அடர்த்தி. ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாயைப் பாதிக்கும், காற்றுப்போக்கியின்றிக் கையாளாதீர்கள்.

மறுமொழி 2:
ஐசோசயனேட்டைப் பிணைக்க சிலிக்காப் பரப்பிலுள்ள சிலனால் (Si–OH) தொகுதிகளை மட்டும் நம்பாமல், ஜெல் தயாரிக்கும்போதே அமினோபுரோப்பில்டிரைஎத்தாக்ஸிசிலேனைச் (அமீன் தொகுதி கொண்ட சிலிக்கான் சேர்மம்) சிறிதளவு சேர்த்தால், அமீன் தொகுதிகள் ஐசோசயனேட்டை விரைந்து பற்றிக்கொள்ளும். ஆனால் அமீன் தானே காரமாதலால், ஜெல்லாகும் வினை விரைந்து, கலவை அச்சில் ஊற்றுமுன்பே ஜெல்லாக இறுகிவிடக்கூடும். கரைசல்களை நன்றாகக் குளிர்வித்த பின்னரே கலக்கவும். வெப்பக்காப்புக்காகச் செய்கிறீர்கள் எனில், பாலிமர் கூடக்கூட வெப்பக்கடத்தல் ஏறும் என்பதையும், வெறும் சிலிக்கா தாங்கும் உயர் வெப்பத்தை இது தாங்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அமீன் சேர்க்காமலே, நான்கு கழுவல்கள், ஒரு நாள் ஊறல், 70 டிகிரியில் மூன்று நாள், மீண்டும் கழுவல், இறுதியில் கார்பன் டைஆக்சைடைக் கொண்டு மீமாறுநிலை உலர்த்தல் (பரப்பு இழுவிசை எழாதபடி, திரவம்-வாயு வேறுபாடு மறையும் நிலையில் உலர்த்துவது) எனச் செய்து பார்த்தேன். இம்முறை குமிழி எழவில்லை, தோலும் இல்லை. உருளை முன்பிருந்த நீலச் சாயலை இழந்து பால்போல் மங்கியிருக்கிறது. ஆனால் கத்தியால் வெட்டியபோது உதிராமல் மையம் வரை ஒரே சீராக அறுபட்டது.