பெண்கள் படித்ததால்தான் பிள்ளைகள் குறைந்தார்களா?

காவிரிக்கரையான் (கேள்வி):
புதுமணத் தம்பதியர் தாமதிக்காமல் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் பேசியதிலிருந்து, “பிள்ளைப்பேறு குறைந்தது பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பியதன் விளைவு” என்று எங்கள் உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முதுகலை படிக்கும் மகளின் தகப்பன் என்ற முறையில் கேட்கிறேன்: இது உண்மையா?

புள்ளியியல் மாணவி:
தொடர்பு இருக்கிறது, ஐயா. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய அளவில் பள்ளிக்கே செல்லாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவருக்கு 1.8. ஆனால் இதைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்தினால் இடிக்கிறது. 1991 கணக்கெடுப்பில் கேரளப் பெண்களின் எழுத்தறிவு 86 சதவீதமாக இருந்தபோது இங்கே 51 சதவீதம்தான். அப்படியிருந்தும், கேரளத்தைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே நாமும் இரண்டு குழந்தை அளவுக்கு வந்துவிட்டோம். அப்போது எந்தக் கல்லூரிப் பெண்ணைக் குறை சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலி:
கைநாட்டு வைத்த தாய்மார்கள்தான் இரண்டாவது பிரசவம் முடிந்ததும் எங்களிடம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கேட்டார்கள். பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை தடுப்பூசியாலும் அரசு மருத்துவமனையாலும் வந்திருந்தது. இரண்டு பேரையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. படிக்காதவர் 25 வயதிலேயே நிறுத்திக்கொண்டார். படித்தவர் அந்த வயதில்தான் தொடங்குகிறார். வழி வேறாக இருந்தாலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். (மாமியார்களின் கணக்கு வேறு, அதை விடுங்கள்.)

காவிரிக்கரையான்:
நன்றி, அம்மா. அப்படியானால், படித்த பெண்கள் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளும் நாடு எங்காவது உண்டா?

புள்ளியியல் மாணவி:
கூடுதலாக என்று சொல்வதைவிட, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கிய நாடுகள் உண்டு என்பதே சரி. ஸ்வீடனில் 1974 முதல் தாய், தந்தை இருவருக்கும் பெற்றோர் விடுப்பு உண்டு. இன்று அது 480 நாள்கள், அதில் தலா 90 நாள்களை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. பெண்கள் மிகுதியாகப் படித்தும் வீட்டு வேலை பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழும் தென்கொரியாவிலோ 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். ஆனாலும் விடுப்பு ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் ஸ்வீடனும் அண்மையில் 1.5க்குக் கீழே இறங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலி:
மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். மகள் வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு அதையும் கேட்கச் சொல்லுங்கள்.