தம்பி போன பிறகு ஒரு பூவைப் பார்த்துச் சந்தோஷப்படலாமா?

மாடித்தோட்டம்:
வணக்கம். என் தம்பி பைக் விபத்தில் போய்ப் பத்து மாதம் ஆகிறது. 24 வயது. அம்மா இன்னும் அவனுக்கும் சேர்த்து அரிசி அளக்கிறார், அப்புறம் நினைவு வந்து ஒரு கை எடுத்து டப்பாவில் திருப்பிப் போடுகிறார். போன வாரம் மாடிக்குப் போனேன், அவன் வைத்த மல்லிகைப் பதியன், யாரும் சரியாகத் தண்ணீர்கூட விடவில்லை, செடி முழுக்க மொட்டு விட்டிருந்தது. ஒரு நிமிடம் அவ்வளவு சந்தோஷம். உடனே நெஞ்சை அடைத்தது. அவனுக்குத் துரோகம் செய்கிறேனா? "காலம் ஆற்றும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெரிய துயரத்தில் இருந்தவர்களுக்கு எதையாவது அழகாகப் பார்க்க முடிந்ததா?

செவ்வரளி:
சகோதரி, ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த பிறகு, அந்த மண்ணில் 75 வருடத்துக்கு எதுவும் முளைக்காது என்று பேச்சு பரவியது. ஆனால் அரளி பூத்தது, நம் நாலுவழிச் சாலை நடுவில் நிற்கிறதே, அதே அரளிதான். இன்று அது அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ மலர். ஷுக்கெய்-என் தோட்டத்தில், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 1,370 மீட்டர் தூரத்தில் இருந்த கிங்கோ மரம் சாய்ந்தபடியே இன்னமும் துளிர்க்கிறது. அதற்காக ஊர் இறந்தவர்களை மறந்துவிடவில்லை, வருடா வருடம் அதே நாள் காலை 8:15 மணிக்கு எல்லோரும் மௌனமாக நிற்கிறார்கள். ஆகஸ்ட்டில் அரளியும் பூத்திருக்கும்.

கரித்துண்டு:
அவர் மரத்தைச் சொன்னார், நான் மனிதர்களைச் சொல்கிறேன். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியில் படித்த ஓவியர். நாஜிகள் 1942 டிசம்பரில் அவரை, யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். பசியும் நோயும் நெரிசலுமாக இருந்த அந்த இடத்தில் அவர் குழந்தைகளை உட்கார வைத்து, கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரையச் சொல்லிக்கொடுத்தார். பூ, பட்டாம்பூச்சி, விட்டுவந்த வீடு எல்லாம் வரைந்தார்கள், முகாமையும் வரைந்தார்கள். படத்தில் அவரவர் பெயரை எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொன்றார்கள். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன, இப்போது பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை, அதனால் இதை ஆறுதல் கதையாக என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பட்டாம்பூச்சியை வரைந்த நேரம் அந்தக் குழந்தையுடையது, அதை யாரும் பிடுங்கவில்லை. உங்களுக்கு மாடியில் கிடைத்த ஒரு நிமிடமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஊஞ்சல்:
அப்பா போன பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் பாட்டே போடவில்லை. முதலில் ரேடியோவைத் திருப்பியது அம்மாதான். உங்கள் அம்மாவிடம் மொட்டு விட்டதைச் சொன்னீர்களா? தூக்கம், சாப்பாடு ரொம்பக் கெட்டுப்போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நானும் பேசியிருக்கிறேன்.

மாடித்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. இன்று சாயங்காலம் மொட்டுகளைப் பறித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் நூல் எங்கே என்று கேட்டார். கட்டிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.