"அவ நிறமே அப்படித்தானே?" உங்க பிரசவ அனுபவம் சொல்லுங்க

நான் ஆரம்பிக்கிறேன். பொண்ணு பொறந்து 3வது நாள், மஞ்சளா தெரியுதேன்னு கேட்டேன், வீட்டுக்கு வந்த மிட்வைஃப் (தாய், சேய பாத்துக்குறவங்க) ஒரு பார்வை பாத்துட்டு அவ நிறமே அப்படித்தானேன்னு சிரிச்சுட்டு போயிட்டாங்க. மறுநாள் பால் குடிக்கவே முழிக்கல, தூக்கிட்டு ஓடுனோம், ரத்தத்துல பிலிருபின், அதான் காமாலையில ஏறுற மஞ்சள் பொருள், அளவு பாத்த கையோட அதக் குறைக்கிற போட்டோதெரபி லைட்டுக்கு அடியில போட்டுட்டாங்க. நம்ம நிறத்துப் புள்ளைக்கு தோல மட்டும் பாத்தா போதாது, பகல் வெளிச்சத்துல கண்ணு வெள்ளைய, ஈற பாக்கணுமாம், இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

நான் நர்ஸ்ங்க. இது ஒருத்தரோட தப்பு மட்டும் இல்ல. பொறந்த உடனே புள்ள நல்லா இருக்கான்னு பாத்துப் போடுற அப்கார் ஸ்கோர் 1953ல வந்தது, அதுல உடம்பு பூரா பிங்க்கா இருந்தாத்தான் கலருக்கு 2 மார்க்கு. மாநிறப் புள்ள எங்க போய் பிங்க் ஆகும்? 2023ல பிரிட்டன்ல, இன வேறுபாட்டால வர்ற உடல்நலப் பிரச்சனைகள ஆராயுற என்ஹெச்எஸ் ரேஸ் அண்ட் ஹெல்த் அப்சர்வேட்டரியே இத திரும்பப் பாக்கணும்னு ரிப்போர்ட் விட்டுச்சு. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப்பும் கறுத்த தோல்ல சில நேரம் கூட்டித்தான் காட்டும்.

எங்க அக்காவுக்கு இந்த ஊர் பாஷை தெரியாது, செக்கப்புக்கு எல்லாம் மாமாதான் கூடப் போய் மொழிபெயர்ப்பார். இன்டர்பிரட்டர் வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல. "வீட்ல யாராவது அடிக்கிறாங்களா"ன்னு எல்லா கர்ப்பிணிகிட்டயும் கேப்பாங்களாம், அக்காவுக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது, மாமாவே இல்லன்னு சொல்லி முடிச்சிருக்காரு. அவர் நல்ல மனுஷன்தான், அதுவா விஷயம்?

படிப்பும் காசும் இருந்தா இதெல்லாம் நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2017ல டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், அவங்களும் கறுப்பினப் பெண்தான், சிசேரியன் ஆன மறுநாள் மூச்சுத் திணறுது, ஏற்கனவே ரத்தம் கட்டின ஆள் நான், சிடி ஸ்கேன் எடுங்கன்னு கேட்டாங்க, நர்ஸ் என்னடான்னா மாத்திரை மயக்கத்துல உளர்றாங்கன்னு நெனச்சிருக்காங்க. கடைசில எடுத்துப் பாத்தா நுரையீரல்ல ரத்தக்கட்டு. அமெரிக்கால கறுப்பினப் பெண்கள் பிரசவத்த ஒட்டி சாகுறது வெள்ளைக்காரங்களவிட சுமார் 3 மடங்கு, அவங்களுக்கு பாஷைப் பிரச்சனையும் கிடையாது.

மறுபடி நான்தான், முதல்ல போட்டவ. ரெண்டாவது பையனுக்கு வந்தவங்ககிட்ட, கண்ணால பாக்காதீங்க, மஞ்சள் அளக்குற மீட்டர் வச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டேன், குரல் நடுங்குச்சு. அவங்க ஒண்ணுமே சொல்லல, பையத் தொறந்து எடுத்து நெத்தியில வச்சாங்க. பையிலயே இருந்திருக்கு.